மல்காஜ்கிரி வீட்டின் இடது ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வைப்பது எப்படி என்று, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, எவ்வளவு உள்பக்கமாகத் திருப்புவது, நாற்காலி எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். உங்கள் போனிலேயே அதற்கு ஆப் இருக்கிறது. நான் இந்த வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஓர் அளவு டேப்பும் இரண்டு காதுகளும்தான்.

ஆகவே அதை விட்டுவிடுகிறேன். ஒரே வீட்டில் நான் இரண்டு தப்புச் செய்தேன். முதல் தப்புக்குக் காரணம் கர்வம். இரண்டாவதற்குக் காரணம் இரக்கம். இரண்டாவதுதான் பெரிய தப்பு. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கர்வம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் மின்னணுக் கருவிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செகந்திராபாத் கடைக்கு வந்தவள் நான். வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் அமைத்துக் கொடுப்பது என் வேலை. மணியடித்தால் கதவைத் திறப்பவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். "இன்ஜினியர் எங்கே?" என்று தெலுங்கிலும் ஹிந்தியிலும் தமிழிலும் கேட்டிருக்கிறார்கள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீடு ஒன்றில் ஒருவர் என்னைச் சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்ஜினியர் ஏறி வருவார் என்று. இப்படியே வருஷக்கணக்காக நடந்தால் என்ன ஆகும்? நான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டுத்தான் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

கடை வேலையிலிருந்தும் நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது மல்காஜ்கிரியிலிருந்து ஒரு வேலை வந்தது. பட்டாபிராமன் என்பவருடைய வீடு. லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தது அவர் மனைவி ராஜம். இந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

"வாங்கோ, உள்ளே வாங்கோ. அவருக்கு ஆறு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்தது. இப்போ தேவலை. இடது கைதான் இன்னும் கொஞ்சம் வீக்கா இருக்கு. பாட்டு கேட்டா மனசு தெளியும்னு பொண்ணு இதை வாங்கி அனுப்பியிருக்கா."

பட்டாபி சார் நாற்காலியில் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பினாற்போல உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் மழமழவென்று சிரைத்திருந்தது. இடது கன்னத்தில் இரண்டு நாள் தாடி. பிளேடு மழுங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கேட்க விரும்பியது கடையில் வாங்கிய பாட்டு அல்ல, அவரே பதிவு செய்தது. லாலாகுடா குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஹாலில் கச்சேரி நடக்குமாம். பாடியது ராஜம். பட்டறையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்த சேது வயலின். சக்கரம் கடையும் பிரிவிலிருந்த அந்தோணி மிருதங்கம். பட்டாபி சார் அவர்களுக்கு எதிரே இரண்டு மைக்கை நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேசட்டில் பதிவு செய்வார். அந்தக் கேசட்டுகளை மகள் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பென்டிரைவில் கொடுத்திருந்தாள்.

நம் வேலையில் இப்படி ஒரு வாடிக்கையாளர் அபூர்வம். கண்ணை மூடினால் பாடுகிறவர் நடுவிலும் பக்கவாத்தியங்கள் இரு புறமும் தெரிய வேண்டும் என்று நாம் பாடுபடுகிறோம். ஆனால் பதிவு நடந்தபோது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது நமக்கும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. இவருக்குத் தெரியும். அந்த ஹாலில் அவர் இருந்தார்.

ஸ்பீக்கர்களை வைத்தேன், அளந்தேன், அவர் நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டேன். ராஜம் மாமியின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல நின்றது. வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம். பழைய கேசட்டில் இவ்வளவு வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பெருமையோடு அவரை உட்காரவைத்தேன்.

இரண்டு நிமிடம் கேட்டார். முகம் சுருங்கியது.

"நக்கோ மா, வேண்டாம். சரியில்லை. எல்லாரும் அந்த மூலையில ஒருத்தர் மேல ஒருத்தர் உட்கார்ந்திருக்கா." வலது மூலையைக் காட்டினார். "ராஜம் எங்கே? நடுவில இருக்கணும் அவ."

"நடுவிலதான் சார் இருக்காங்க."

"இல்லை."

வயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டேன். செட்டில் கோளாறு இருந்தால் அந்தக் கூட்டம் இடது பக்கம் போயிருக்க வேண்டும். வயலின் இடது பக்கம் போனது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் அப்போதும் வலது மூலையைத்தான் காட்டினார். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஸ்பீக்கர்களில் எதை மாற்றினாலும் குறை மாறவில்லை என்றால், குறை ஸ்பீக்கரில் இல்லை. பரிசோதனைப் பிரிவில் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் அது. நான் யோசிக்கவில்லை. போனை எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வருவதைத் திரையில் காட்டினேன்.

"பாருங்க சார், ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு."

அவர் திரையைப் பார்க்கவில்லை. "போன் உட்கார்ந்து கேட்கலையேம்மா. நான்தானே கேட்கறேன்" என்றார்.

குரல் உடைந்திருந்தது. நான் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, செட் சரியாகத்தான் இருக்கிறது, கேட்டுக் கேட்டுப் பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசலில் ராஜம் மாமி மெதுவாகச் சொன்னாள்: "டேப்பே கெட்டுப்போச்சுன்னு நினைப்பார். இல்லேன்னா தனக்குப் புத்தி கலங்கிடுத்துன்னு நினைப்பார். ரெண்டுல எதுன்னு ராத்திரி பூரா யோசிச்சிண்டிருப்பார்."

அது என்னைக் குத்தியது. நான்கு நாள் கழித்து, கடையில் சொல்லாமலே, காலை நேரத்தில் மறுபடி போனேன்.

அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் உப்புமா. தட்டின் வலது பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார். இடது பாதியில் உப்புமா அப்படியே இருந்தது, நடுவே கோடு கிழித்தாற்போல. ராஜம் மாமி வந்து தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தாள். அவர் "ம், போதும்" என்று சாப்பிட ஆரம்பித்தார்.

நான் மாமியைப் பார்த்தேன். அவள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"தினமும் இப்படித்தான். இடது பக்கம் இருக்கறது தெரியறதில்லை. நிலைப்படியில இடது தோளை இடிச்சுக்கறார். கண் டாக்டர் கண்ணு நன்னா இருக்குங்கறார். நான் எல்லாத்தையும் வலது பக்கமா நகர்த்தி வச்சுடுவேன். மாத்திரை, தண்ணி, பேப்பர் எல்லாம். கஷ்டப்பட வேண்டாமேன்னு."

எனக்கு அந்தப் பாதித் தாடி அப்போதுதான் புரிந்தது.

சரி, இந்த மனிதருக்கு நேர் எதிர் என்பதே கொஞ்சம் வலப்பக்கம் இருக்கிறது என்று தோன்றியது. உடனே ஒரு யோசனை வந்தது. ஸ்பீக்கர் இரண்டையும் பெயர்த்து மூன்றடி வலப்பக்கம் நகர்த்தினேன். நாற்காலியையும் அவர் முகம் இயல்பாகத் திரும்பியிருந்த பக்கமாகத் திருப்பிப் போட்டேன். வலது ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தேன். வேலை ஒழுங்கைப் பார்த்தால் அலங்கோலம்தான். ஒரு ஸ்பீக்கர் ஜன்னல் திரையை உரசிக்கொண்டு நின்றது, இன்னொன்று ஷோகேஸுக்கு முன்னால். பாட்டைப் போட்டேன்.

பட்டாபி சார் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து வலது கையைத் தூக்கி, நேரே முன்னால் காட்டினார்.

"இதோ. வந்துட்டா."

ராஜம் மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கும் மனசு நிறைந்திருந்தது. கருவியைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்து வேலை செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் போய் இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஸ்வப்னா. பட்டாபி சாருக்கு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பவள், ஊருக்குப் போயிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். பாதி தெலுங்கு, பாதி ஹிந்தி. "மேடம், ஸ்பீக்கரை நகர்த்தினது நீங்களா? ஒரு தடவை வர முடியுமா? கோபமாகச் சொல்லவில்லை" என்றாள். கோபமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் மாலை போனேன். நான்கு பேரும் ஹாலில் இருந்தோம். ஸ்வப்னா என்னிடம் நேராகச் சொன்னாள்:

"அவருக்குக் கண்ணிலும் குறையில்லை, காதிலும் குறையில்லை. அடிபட்டிருப்பது மூளையில். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றுவதில்லை. இடது பக்கச் சத்தம்கூட வலது பக்கம் கேட்பதாகத் தோன்றும். தினமும் ஒரு மணி நேரம் 'இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க' என்று கெஞ்சுகிறேன். நீங்கள் அவருக்குப் பிடித்த ஒரே விஷயத்தை, அவர் ஏற்கெனவே பார்க்கிற பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். இனி அவர் எதற்குத் திரும்ப வேண்டும்?"

ராஜம் மாமிதான் கேட்டாள்.

"நான் தட்டைத் திருப்பி வைக்கறேனே. அதுவும் தப்பா?"

ஸ்வப்னா கொஞ்சம் தயங்கினாள். பிறகு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தட்டைத் திருப்பாதீங்க அம்மா. அவரைத் திரும்பச் சொல்லுங்க."

பட்டாபி சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார். "ஆறு மாசமா இந்த வீட்டுல எதுவும் இருந்த இடத்துல இல்லை. கதவு இடிக்கறது, சட்டைக் கையைக் காணலை. கச்சேரி ஒண்ணுதான் சரியா இருக்கு. அதையும் கலைக்கணுமா? ராஜத்தை மறுபடியும் மூலைல தள்ளணுமா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தால் வாடிக்கையாளரின் ஒரே சந்தோஷம் போகும். வைக்காவிட்டால் அவர் குணமாவதற்கு நான் தடை. இரண்டு பேருக்கும் நடுவில், இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் மட்டும் நகர்த்திச் சமாளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நம் தொழிலில் சமாளிப்பது சுலபம். கேட்பவருக்கு எதையும் 'நன்றாக இருக்கிறது' என்று நம்பவைத்துவிடலாம்.

ஆனால் இவர் கேட்பவர் மட்டும் இல்லையே, பதிவு செய்தவர். யார் எங்கே உட்கார வேண்டும் என்று பார்த்துப் பார்த்து மைக் வைத்தவர். அவரிடம் இதுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"சார், உங்க டேப் கெடலை. உங்க புத்தியும் கெடலை. நான் போன தடவை உங்களை ஏமாத்திட்டேன். மாமி நடுவுக்கு வரலை. நடுவைத்தான் நான் நகர்த்தி வச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். "எவ்வளவு நகர்த்தினே?"

"மூணடி."

"காட்டு."

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, இப்போது ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஒரு நுனியை வைத்து, தரையில் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன். ஓரடியில் அவர் பார்வை நின்றுவிட்டது. "டேப் முடியலை சார், இன்னும் இருக்கு" என்றேன். கைத்தடியின் நுனியை டேப்பின் மேல் வைத்து, எண்களைப் படித்துக்கொண்டே தள்ளினார். கூடவே தலையும் திரும்பியது. கடைசியில், டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவர் கண் வந்து சேர்ந்தது.

"இவ்வளவு தூரம் இருக்கா இந்த ஹால்?" என்றார்.

நாற்பது வருஷம் அளவு பார்த்து வேலை வாங்கிய மனிதர் அந்த டேப்பை மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து படித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அளவு தப்பா வச்சிண்டு சக்கரத்தைக் கடையக் கூடாது. எடுத்த இடத்துல வை."

ஸ்வப்னாவும் நானும் ஸ்பீக்கர்களைப் பழைய இடத்துக்குத் தூக்கி வைத்தோம். நாற்காலியையும் நேராக்கினேன். பாட்டைப் போட்டதும் அவர் முகம் மறுபடியும் சுருங்கியது. எல்லோரும் வலது மூலைக்குப் போய்விட்டார்கள். ஸ்வப்னா, "வலது பக்கம் சத்தம் இருக்கும்வரை அதுதான் அவரை இழுக்கும்" என்றாள். நான் வலது ஸ்பீக்கரை முழுக்க அடக்கினேன். இடது ஸ்பீக்கரில் மட்டும் அந்தோணியின் மிருதங்கம், கொஞ்சம் ராஜம் மாமியின் குரல். அவர் அப்போதும் வலப்பக்கமே தேடினார்.

அப்போது மாமி எழுந்தாள். போய் இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்பீக்கரிலிருந்து வந்த தன் பழைய குரலோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். அவருக்கு ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து அவள் பாடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. குரல் எழும்பவில்லை. முதல் வரியில் இரண்டு இடத்தில் உடைந்தது. விடாமல் அதே வரியைத் திரும்பப் பாடினாள். பாதியில் நிறுத்தி, "இங்கே இருக்கேன்" என்றாள். மறுபடி பாடினாள்.

அவர் தலை மெதுவாகத் திரும்பியது. மூக்கு நேருக்கு வந்தது, நின்றது, பிறகு அதையும் தாண்டியது. கண் அவளைக் கண்டுபிடித்தது.

"நீ எப்போ அங்கே போனே?" என்று கேட்டார்.

ஸ்வப்னா சிரித்துவிட்டாள். மாமி சிரிக்கவும் இல்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை.

அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரில் இடது வலது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸ் திருகைச் சுற்றிச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் ஒட்டினேன். முதல் வாரம் இடது ஸ்பீக்கர் மட்டும். அவர் இடப்பக்கம் பார்த்து, அந்தோணி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சரியாகச் சொல்லிவிட்டால், மறுவாரம் வலது பக்கத்தை ஒரு துண்டு அளவுக்கு உயர்த்தலாம். எப்போது உயர்த்துவது என்று முடிவு செய்வது ஸ்வப்னா. எனக்கு அதில் பேச்சில்லை. சில வாரம் இரண்டு துண்டு முன்னால் போனார்கள், ஒரு வாரம் மூன்று துண்டு பின்னால் வந்தார்கள். ஒருமுறை அவர் கோபத்தில் ரிமோட்டைத் தூக்கி எறிந்ததாக மாமி போனில் சொன்னாள். மறுநாள் அவரே எடுத்து வரச் சொன்னாராம்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் ஸ்பீக்கர் வைத்து நோயைக் குணப்படுத்தலாம் என்று கிளம்ப வேண்டாம். ஸ்வப்னா என்னை நன்றாகவே எச்சரித்தாள். இந்த மாதங்களில் சிலருக்குத் தானாகவே திரும்பி வரும், சிலருக்கு என்ன செய்தாலும் வராது, இவருக்கு எதனால் எவ்வளவு வந்தது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். நாம் டாக்டர்கள் இல்லை. ஆனால் அறைக்குள் போனதும் சுவரைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவரைப் பாருங்கள். அவர் எப்படி உட்காருகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பாருங்கள். ஒரு குறையைச் சொன்னால், போனை எடுப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேளுங்கள். புரியவில்லையென்றால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு பஸ்ஸில் நான் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை பட்டாபி சாரே போன் செய்தார். எடுத்ததுமே அதட்டல்.

"என்னம்மா வேலை பார்த்து வச்சிருக்கே? உன் இடது ஸ்பீக்கர் முன்னாடி வந்திருக்கு. ராஜம் நடுவிலேர்ந்து கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா. வந்து பாரு."

"எந்தப் பக்கம் சார்?"

"இடது பக்கம்னு சொல்றேன், காது கேட்கலையா உனக்கு?"

அன்றைய வேலை இரண்டைத் தள்ளிப்போட்டுவிட்டு மல்காஜ்கிரிக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் அவர்தான். இரண்டு கன்னமும் சிரைத்திருந்தது. ஹாலில் மண்டியிட்டு, சுவரிலிருந்து டேப் பிடித்து இரண்டு ஸ்பீக்கரையும் அளந்தேன். இடது ஸ்பீக்கர் இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது. தரை துடைக்கிறபோது வேலைக்காரம்மா தள்ளியிருக்க வேண்டும். நானாக இருந்தால் அளக்காமல் கண்டுபிடித்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

பின்னால் தள்ளி வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, ராஜத்தின் ஆலாபனை முடியும்வரை கேட்டார். "ஹவ், ஆமாம். இப்போ சரி" என்றார்.

இடப்பக்கம் இருந்த சமையலறை வாசலில் ராஜம் மாமி வந்து நின்றாள். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை. அவராகவே அந்தப் பக்கம் திரும்பி, அவள் முகத்தை நேராகப் பார்த்து, "இவளுக்கு ஒரு காபி குடு" என்றார்.